இருபதாவது வரிசை

"உள்ள என்னடா பண்ற? தண்ணி இவ்வளவு நேரமா ஓடுதே," என்றார் அப்பா.

குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவர் மகள் நான். கதவு எங்கள் மர டிப்போவில் அறுத்ததுதான். என் சட்டைக்குள் டிப்போவின் பழைய பலகை அளவுப் புத்தகம் ஒன்று. அதற்குள் நாலாக மடித்த கடிதம். குழாயைத் திறந்துவிட்டிருந்தேன். காகிதம் சரசரத்தால் அவருக்குக் கேட்டுவிடும் என்று தோன்றியிருக்க வேண்டும். தண்ணீர் என் மேலேயே தெறித்து, புத்தகம் நனைந்துவிடுமோ என்று அதை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டேன்.

"மொகம் கழுவுறேன்ப்பா."

"அரை மணி நேரமாவா? எத்தன மொகம் வெச்சிருக்க நீ?"

அவரே சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். செருப்புச் சத்தம் கூடத்தைத் தாண்டிப் போகும்வரை நான் குழாயை மூடவில்லை. பிறகு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதற்குச் சற்று முன்புவரை, இந்த ஊரிலேயே பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் என் அப்பா என்று யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்திருப்பேன்.

அது சாயங்காலம். இப்போது வீடு அடங்கிவிட்டது. எனக்குத் தூக்கம் வரவில்லை, வராது. வாயால் யாரிடமும் சொல்ல முடியாத விஷயம். சொல்லாமலும் இருக்க முடியவில்லை, நெஞ்சுக்குள் ஒரு கட்டையைப் போட்டு அறுக்கிற மாதிரி இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். முன்னுக்குப் பின் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா மர வியாபாரி. கீழே டிப்போ, பின்னால் அறுவை மில், மேலே வீடு. எங்கள் வீட்டில் யாருக்கும் அலாரம் தேவையில்லை. காலையில் வாள் ஓட ஆரம்பித்தால் கட்டிலே எழுப்பிவிடும். ஒரு நாள் தட்டில் மரத்தூள் விழாவிட்டால், இன்றைக்கு மில்லுக்கு லீவா என்று அம்மா கேட்பாள்.

ஆனால் ஊருக்கு அப்பாவைத் தெரிந்தது டாக்டரம்மா கொலை வழக்கால். எனக்கு அப்போது நாலு வயது. டிப்போவை ஒட்டிய கிளினிக்கில் ஓர் இரவு டாக்டரம்மாவை யாரோ குத்திக் கொன்றுவிட்டார்கள். கொன்றவன் பின்சுவர் ஏறி எங்கள் டிப்போவுக்குள் குதித்து, ஒரு பலகை அடுக்கின் பக்கத்தில் ஒரு நிமிடம் ஒட்டி நின்று, பிறகு கேட் ஏறி ஓடிவிட்டான். அப்பா கீழ் ஆபீஸ் ஜன்னலில் இருந்து பார்த்தார். முகம் தெரியவில்லை. கிளினிக் விளக்கு வெளிச்சத்தில் முதுகும் தலையும் மட்டும். ஆனால் மரக்காரன் கண் சும்மா இருக்காது. அடுக்கைப் பார்த்தால் தானாக வரிசை எண்ணும். அவன் உச்சந்தலை இருபதாவது வரிசைக்குச் சரியாக இருந்தது என்று அந்தக் கண் எண்ணி வைத்துக்கொண்டது.

அடுக்கு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பச்சைப் பலகை காய்வதற்காகத் தரையில் முதலில் ஒரு அடி உயரத்துக்குக் கட்டை போடுவார்கள். அதன் மேல் ஒரு வரிசை பலகை. காற்றுப் போவதற்காகக் குறுக்கே மெல்லிய குச்சிக்கட்டைகள். அதன் மேல் மறுபடி பலகை. இப்படி முப்பது வரிசை வரை ஏறும்.

போலீஸ் அப்பாவிடம் வந்து கேட்பதற்குள் அந்த அடுக்கு லாரி ஏறிப் போய்விட்டது. அதனால் கோர்ட்டில் அப்பாவின் வாய்தான் அளவுகோல். அடிக்கட்டை ஒரு அடி, பலகை இரண்டு அங்குலம், குச்சிக்கட்டை ஒரு அங்குலம் என்று அப்பா சொன்னார். அரசு வக்கீல் அங்கேயே சத்தமாகக் கூட்டினார். இருபது பலகைக்கு நாற்பது அங்குலம். அவற்றுக்கு நடுவே பத்தொன்பது குச்சிக்குப் பத்தொன்பது. அடியில் பன்னிரண்டு. ஆக எழுபத்தொன்று. ஐந்தடி பதினொன்று.

கூண்டில் நின்றவர் ஒரு பால் லாரி டிரைவர். ஊரில் அவருக்கு ஏணி என்றுதான் பெயர். தன் குழந்தை செத்துப்போன கோபத்தில் கிளினிக் வாசலில் டாக்டரம்மாவோடு சண்டை போட்டவர். நீதிபதி அவரை அளக்கச் சொன்னார். மயிரிழை கூடாமல் குறையாமல் ஐந்தடி பதினொன்று. மற்ற எல்லாவற்றுக்கும் அவருடைய வக்கீலிடம் ஏதோ ஒரு பதில் இருந்ததாம். இதற்கு மட்டும் இல்லை. ஆயுள் தண்டனை. பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லாத வியாபாரி ஒருவரின் அளவு என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள்.

அந்தப் பேப்பர் செய்தியைக் கண்ணாடி போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறோம். எங்கள் கணக்கு டீச்சர் வருஷா வருஷம் இதைப் போர்டில் கணக்காகவே போடுவார். போன வருஷம் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்து, "டீச்சர், இவங்கப்பா பாத்தா நான் எத்தனாவது வரிசை?" என்று கேட்டான். "எத்தனாவதா இருந்தா என்ன, உனக்கு மேல் வரிசை காலி," என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரண்டு வாரம் முன்பு ஆவணக் காப்பகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பெரிய வழக்குகள் சம்பந்தப்பட்ட காகிதங்களைச் சேர்த்து வைக்கிறார்களாம். அப்பாவுடைய டைரி, கடிதங்கள், அந்த மாதத்து அளவுப் புத்தகம், எதுவாக இருந்தாலும் வேண்டும் என்றார். பேச்சோடு பேச்சாக ஏணியைப் பற்றியும் சொன்னார். பதினோரு வருஷமாக உள்ளேயே இருக்கிறார், கண் சரியாகத் தெரிவதில்லை, இரண்டு முறை மனு போட்டும் புதிய ஆதாரம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். புதிதாக ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தாலும் வழக்கைத் திறக்கலாமாம். அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நாளைக்குப் பத்து மணிக்கு அந்த அம்மா வண்டியோடு வருகிறார்.

என் அம்மா பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். இது பரீட்சை சமயம், அவள் தலைக்கு மேல் விடைத்தாள். அதனால் பீரோ சாவியை அப்பா என்னிடம் கொடுத்து, ஒவ்வொன்றாக லிஸ்ட் எழுதி ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கச் சொன்னார்.

மத்தியானம் ஆரம்பித்தேன். டைரிகள் முழுக்க மழை வந்தது, லாரி வந்தது, பல் வலி, இதுதான். லிஸ்டில் ஒன்பதாவதாக 'அளவுப் புத்தகம்' என்று எழுதிவிட்டு, வேடிக்கைக்குத்தான் அதைப் பிரித்தேன். அந்தப் பிரபலமான அடுக்கு அதில் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசை. இருந்தது. பதினாலாம் நம்பர் அடுக்கு. பக்கத்தில் அப்பா கையெழுத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்றின் தலைப்பு 'விலை', மற்றது 'வாள்'. விலைக் கட்டத்தில் பலகை 2, குச்சி 1. வாள் கட்டத்தில் பலகை 1¾, குச்சி ¾.

எனக்குப் புரியவில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே மில்லுக்குப் போனேன்.

எங்கள் வாள் ஓட்டுகிற அண்ணனை எல்லாரும் ஒன்பதரை என்றுதான் கூப்பிடுவார்கள். மீதி அரை விரலை வாள் எடுத்துக்கொண்டது. அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார். இரண்டு அங்குலப் பலகை ஒன்று காட்டச் சொன்னேன். காட்டினார். டேப் வைத்தேன். ஒன்றே முக்கால். பக்கத்துப் பலகைக்கு வைத்தேன். அதுவும் ஒன்றே முக்கால்.

"டேப் தப்பா காட்டுதுண்ணே."

"டேப்பு ஒழுங்காத்தான் இருக்கு. மொதலாளி பொண்ணு, உனக்கு இதுகூடவா தெரியாது? ரெண்டு இன்ச்சுன்னா ஒண்ணே முக்கால். கால் இன்ச்ச வாள் தின்னுடும். தின்னது வாங்குறவன் தலையில."

"எப்பவுமேவா?"

"நான் பத்து வெரலோட வேலைக்குச் சேந்த காலத்துலேருந்து."

குச்சிக்கட்டை பற்றிக் கேட்டேன். அது ஒரு அங்குலப் பலகையைக் கிழித்தது, அதனால் முக்கால்தான் இருக்கும் என்றார். எல்லா டிப்போவிலும் இதுதான் வழக்கம், தச்சனுக்குத் தெரியும், கான்ட்ராக்டருக்குத் தெரியும், வீடு கட்டுகிறவனுக்கு மட்டும்தான் தெரியாது என்று சொல்லிச் சிரித்தார். அப்படியென்றால் கோர்ட்டில் அப்பா சொன்ன பலகை என்று நான் இழுத்தேன். அதெல்லாம் படித்தவர்கள் பார்த்திருப்பார்கள், உனக்கெதற்கு என்று சொல்லிவிட்டு அவர் வாளை ஓட்டப் போய்விட்டார்.

அவர் எதையும் மறைக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த மில்லில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் இரண்டு என்றால் ஒன்றே முக்கால் என்று தெரியும். ஒவ்வொருவருக்கும் வழக்கின் கணக்கும் மனப்பாடம். பதினோரு வருஷத்தில் ஒருத்தர்கூட இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. கோர்ட்டில் அந்த ஏணியின் வக்கீலும் ஆயுளில் ஒரு பலகை வாங்கியிருக்க மாட்டார்.

ஒரு பலகை மேல் சாக்பீஸால் போட்டுப் பார்த்தேன். இருபது பலகை, பத்தொன்பது குச்சி. மொத்தம் முப்பத்தொன்பது. ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் கிடையாது. ஒன்பதே முக்கால் அங்குலம் காணோம். எழுபத்தொன்றில் அதைக் கழித்தால் அறுபத்தொன்றேகால்.

ஐந்தடி ஒன்றேகால்.

நான் ஐந்தடி இரண்டு.

சாக்பீஸைக் கீழே வைத்தேன். பிறகு ஆபீசுக்கு எதிரே இருந்த அடுக்கின் பக்கத்தில் போய் ஒட்டி நின்றேன். கீழிருந்து எண்ணினேன். என் உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்து அப்படியே பலகைப் பக்கம் நகர்த்தினேன். இருபதாவது வரிசையை உரசிக்கொண்டு மேலே போனது கை. அன்று அங்கே நின்றவன் என்னைவிடக் குட்டை. ஏணி அங்கே நின்றிருந்தால் தலை இருபத்துநாலாவது வரிசைக்குப் போயிருக்கும். அந்தக் குட்டை ஆள் யார் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது, யாருக்குமே தெரியாது. ஆனால் அது ஏணி இல்லை.

நான் ஒரு மடச்சி. அந்த நிமிடம் அப்பாவை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. தொழில் பழக்கத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டார், அவருக்குத் தெரிந்தால் துடித்துப் போவார், சட்டைகூட மாற்றாமல் கோர்ட்டுக்கு ஓடுவார் என்று நினைத்தேன். காட்டுவதற்காகத்தான் படி ஏறி ஓடினேன். அந்த அவசரத்தில் புத்தகத்தின் பின்னட்டை உறை கிழிந்து, உள்ளேயிருந்து ஒரு கடிதம் விழுந்தது.

நீதிபதிக்கு எழுதியது. அப்பாவின் கையெழுத்து. மேலே தேதி. சாட்சித் தேதியும் தீர்ப்புத் தேதியும் ஆபீஸ் சுவரிலேயே தொங்குகின்றனவே, மனக்கணக்காகவே தெரிந்துவிட்டது. அப்பா சாட்சி சொல்லி மூன்றாம் நாள். தீர்ப்புக்குப் பத்தொன்பது நாள் முன்பு.

"நான் சொன்ன இரண்டு அங்குலம் எங்கள் தொழிலில் வாயால் சொல்லும் அளவு. பலகை உண்மையில் ஒன்றே முக்கால்தான் இருக்கும். வக்கீல் கூட்டிச் சொன்னபோது எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். நான் பார்த்த ஆள் ஐந்தடி ஒன்றேகால்தான் இருப்பான். கூண்டில் நிற்பவர் அவன் இல்லை. என்னை மறுபடி கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்."

மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறைதான் சிவப்பு மை கண்ணில் பட்டது. எழுத்துப்பிழைகளை யாரோ திருத்தியிருந்தார்கள். 'உறைக்கவில்லை'யில் விட்டுப்போன எழுத்தைச் சுழித்துச் சேர்த்திருந்த விதம் எனக்குத் தெரியும். என் கட்டுரை நோட்டு முழுக்க அந்தச் சுழி இருக்கிறது. கடைசியில் அப்பா இன்னொரு வரி எழுதியிருந்தார்: அரசாங்கப் பள்ளிகளுக்கு நாங்கள் அனுப்பிய பெஞ்சுப் பலகைகளும் இதே அளவுதான். அதன் அடியில் கோடிட்டு, 'இந்த வரி வேணுமா?' என்று அம்மா கேட்டிருந்தாள். 'வேணும். எப்படியும் கேட்பார்கள்' என்று பென்சிலால் அப்பா. பின்னால், திருத்தங்களோடு திருப்பி எழுதிக் கையெழுத்துப் போட்ட நல்ல படியும் அப்படியே குத்தியிருந்தது, அதுவும் போகவேயில்லை.

அப்போதுதான் படியில் செருப்புச் சத்தம். எப்படிக் குளியலறைக்குள் போனேன் என்றே ஞாபகம் இல்லை.

ராத்திரி கேட் பூட்ட அப்பா கீழே போனபோது, சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அம்மா முன்னால் கடிதத்தை வைத்தேன். அவள் நிமிராமலே இழுத்துக்கொண்டாள், ஏதோ ஒரு பிள்ளையின் தாள் என்று நினைத்து. பேனாவோடு இரண்டு வரி படித்தாள். பேனா நின்றது.

"இது எங்க இருந்தது?"

சொன்னேன். அம்மாவின் முகத்தில் கோபம் வரும், அழுகை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் வரவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், அங்கே தபால் முத்திரை இருக்கும் என்று தேடுகிற மாதிரி.

"அனுப்பிட்டேன்னாரே," என்றாள்.

அவளுக்கும் இன்றைக்குத்தான் தெரிகிறது. அந்த நேரத்தில் அதுதான் எனக்குப் பெரிய இடியாக விழுந்தது. திருத்தி வாங்கிக்கொண்டு போனவர், மறுநாளே அனுப்பிவிட்டேன் என்றாராம். கொஞ்ச நாள் கழித்துக் கேட்டதற்கு, கோர்ட்டில் பார்த்தார்கள், இதனால் ஒன்றும் மாறாது என்றுவிட்டார்கள் என்றாராம். படித்தவர்கள் பார்த்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாளாம். அந்த வருஷம் பள்ளிக்கூட பெஞ்ச் ஆர்டர் நடந்துகொண்டிருந்தது, காகிதத்தில் இரண்டு அங்குலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார், ஒன்றே முக்கால் என்று கோர்ட்டில் ஒப்புக்கொண்டால் அவரையும் மோசடி என்று உள்ளே வைப்பார்கள் என்று பயந்துகொண்டே இருந்தார். இதையெல்லாம் அம்மா மெதுவாக, பாடம் நடத்துகிற குரலில் சொன்னாள். அந்த பெஞ்சுகளில் ஒன்றில்தான் நான் ஆறாம் வகுப்பு முழுக்க உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அந்த மனுஷனுக்குக் கண்ணு தெரியலயாம்மா," என்றேன்.

"அந்த அம்மா சொன்னப்ப நானும்தான் இருந்தேன்."

"நாளைக்குப் பெட்டில வெச்சிடலாமா?"

அம்மா பேனாவை மூடினாள். கடிதத்தை ஒரே விரலால் என் பக்கம் தள்ளினாள்.

"இத எங்கிட்ட குடுக்காத. எங்கிட்ட இருந்தா கிழிச்சிடுவேன்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. எனக்குச் சளி பிடிக்கும், ஐஸ் கொடுக்காதே என்று சொல்வது போல, தன்னைப் பற்றித் தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னாள். பிறகு அடுத்த விடைத்தாளை எடுத்தாள். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். எந்தப் பிள்ளையோ எழுதியிருந்த தப்பான பதில்களுக்கெல்லாம் வரிசையாகச் சரி போட்டுக்கொண்டே போனாள்.

நான் அறைக்கு வந்து புத்தகத்தையும் கடிதத்தையும் மெத்தைக்கு அடியில் வைத்தேன். பத்து மணி இருக்கும், அப்பா கூடத்திலிருந்து கூப்பிட்டார். வாசல் கதவு பக்கத்தில் பெட்டி. அவர் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், கையில் நான் எழுதிய லிஸ்ட்.

"வா, ஒரு தடவ சரி பாத்துடுவோம்," என்றார்.

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். நான் பெட்டிக்குள் கைவிட்டுத் தொட்டுக் காட்டினேன், அவர் டிக் போட்டார். டைரி ஐந்து. கோர்ட் சம்மன். பேப்பர் வெட்டுகள். எட்டு வரை வந்தாயிற்று. ஒன்பது.

"அளவுப் புத்தகம்," என்று படித்தார்.

என் கை பெட்டிக்குள் அப்படியே நின்றது. தொட்டுக் காட்ட அங்கே எதுவும் இல்லை. இல்லை என்று சொல்லலாம். தேடுகிற மாதிரி நடிக்கலாம். நான் ஒன்றுமே செய்யவில்லை. அப்பா என் கையைப் பார்த்தார். பிறகு லிஸ்டைப் பார்த்து, ஒன்பதுக்கு நேரே டிக் போட்டார். மற்றவற்றுக்குப் போட்ட அதே டிக்தான். பத்தாவதைப் படித்தார்.

எல்லாம் முடிந்ததும் லிஸ்டை மடித்துப் பெட்டி மேல் வைத்துவிட்டு, "இப்ப எவ்வளவுடா ஒசரம் நீ?" என்று கேட்டார்.

"அஞ்சடி ரெண்டுப்பா."

"ம்."

ஆபீஸ் ஜன்னலில் இருந்து பார்த்தால் அந்த அடுக்கு நேராகத் தெரியும். நான் அங்கே ஒட்டி நின்றபோது ஆபீசில் விளக்கு எரிந்ததா? பலகையில் போட்ட சாக்பீஸ் கணக்கை அழித்தேனா? எதுவும் ஞாபகம் வரவில்லை. அவர் கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை. கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒன்பதரை அண்ணனுக்கு விரல் போன அன்று, அறுந்த துண்டைத் துணியில் பொத்தி எடுத்துக்கொண்டு, காலில் செருப்புகூட இல்லாமல் ஆஸ்பத்திரி வரை ஓடியவர் இவர். அதே ஆள்தான் பத்தொன்பது நாள் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பதினோரு வருஷம். எப்படி இரண்டும் ஒரே ஆளாக இருக்க முடியும்? ஏதாவது சொல்லுங்கள் அப்பா என்று கத்தலாம் போல இருந்தது. கத்தியிருந்தால் அவர் சொல்லியிருப்பாரோ என்னவோ.

அப்பா பெட்டி ஒட்டுகிற டேப் சுருளை எடுத்து முனையைப் பிரித்தார். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி ஒட்டிவிட்டு மேஜையில் வைத்தார்.

"காலையில ஒட்டிக்கலாம். தெறந்தே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, என் தலையில் கை வைத்து அழுத்திவிட்டுப் படுக்கப் போனார்.

அதற்குப் பிறகு ரொம்ப நேரம் ஆகிவிட்டது. அவர்கள் அறையில் பேச்சுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேரும் தூங்குகிறார்களா, இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்களா என்று தெரியாது. என் அறைக் கதவு இடுக்கு வழியாகப் பெட்டி தெரிகிறது. நாலு மூடியும் விரிந்து கிடக்கிறது.

காலையில் பத்து மணிக்கு நேராக அந்தக் காப்பக அம்மா கையில் கடிதத்தைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துப் பார்த்தேன். அப்பா பார்த்துக்கொண்டு நிற்கும்போது நான் கையை நீட்ட வேண்டும். அப்பாவையே பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகும். கிழித்துவிடலாம். கிழித்தால் அப்பா செய்ததை நானும் செய்தவள் ஆவேன், எனக்கோ பயப்படுவதற்கு ஒரு பெஞ்ச் ஆர்டர்கூட இல்லை. இப்போதே எழுந்து போய்ப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து படுத்துவிடலாம். பத்து அடி நடந்தால் போதும். மூன்று முறை எழுந்துவிட்டேன். மூன்று முறையும் திரும்பி உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் நடந்துவிடுவேன், அதுதான் எப்படி யோசித்தாலும் தெரியவில்லை.

அப்பா பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் போனது, நான் அதை உள்ளே வைக்க வேண்டும் என்பதற்கா, நான் வைத்த பிறகு அவர் வந்து எடுத்துக்கொள்வதற்கா?